பெறுமதி குறைந்த பொருள்

1

இந்த மே மாதத்தோடு நான் கள்ளனாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. கொண்டாட்டம் எதுவும் வைக்கவில்லை. என் மனைவி வதனி மட்டும் காலையில் தேத்தண்ணீரை முன்னால் வைத்துவிட்டு, "இண்டைக்கு உங்கடை நாள் எல்லோ" என்றாள். இப்படியான நாட்களை அவள் தவறவிடுவதே இல்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலில் என் தொழிலைச் சொல்லவேண்டும். ஸ்டுட்கார்ட்டில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் நான் டிடெக்டிவ். தொப்பியும் கிடையாது, பூதக்கண்ணாடியும் கிடையாது. கையில் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு, சாமான் வாங்க வந்தவனைப்போல நாள் முழுக்க நடப்பேன். யாராவது சவர அலகுப் பெட்டியையோ சீஸ் கட்டியையோ உடுப்புக்குள் செருகினால், காசு கொடுக்கும் இடத்தை அவர் தாண்டும்வரை பேசாமல் இருப்பேன். தாண்டியதும் வழியை மறித்து, பின்னறைக்குக் கூட்டிப் போய்ப் படிவம் நிரப்புவேன். பதினொரு வருடமாக இதுதான் என் சோறு.

இந்த வேலைக்கு ஒரு பரீட்சை உண்டு. இரண்டு தரம் கோட்டைவிட்டு மூன்றாம் தரம் பாஸ் பண்ணினேன். அதற்காகக் குற்றவியல் சட்டத்தில் களவு என்றால் என்ன என்பதை ஜெர்மனில் பாடமாக்கினேன். பிறருக்கு உரிய, அசையக்கூடிய பொருளை, தனதாக்கிக்கொள்ளும் எண்ணத்தோடு எடுத்தல். எடுத்த பொருள் பெறுமதி குறைந்தது என்றால் அது சிறு களவு. இருபத்தைந்து யூரோவுக்குள் இருக்கவேண்டும் என்று சில நீதிமன்றங்கள் சொல்லும், ஐம்பது மட்டும் போகலாம் என்று வேறு சில சொல்லும். சிறு களவும் களவுதான். ஆனால் அதைத் தண்டிக்கவேண்டும் என்றால், பொருளை இழந்தவர் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்கவேண்டும். ஸ்ட்ராஃப்அன்ட்ராக் என்பது அதன் பெயர். மூன்று மாதத் தவணை. அவர் கொடுக்காவிட்டால், பொதுநலன் கருதி அரச தரப்பு தானாக இறங்கினாலொழிய வழக்கு அந்த இடத்திலேயே படுத்துவிடும். எங்கள் கடை யாரையும் விடுவதில்லை, எல்லோர்மீதும் விண்ணப்பம் கொடுக்கும். படிவத்தின் அடியில் அந்தக் கட்டத்துக்குள் புள்ளடி போடுவது என் கை.

இரண்டு வருடத்துக்கு முன் ஜூன் மாதத்தில் பொலிஸிடமிருந்து எனக்கே ஒரு கடிதம் வந்தது. குற்றச்சாட்டு: களவு. பொருள்: ஒரு செடி. இடம்: தோட்டச் சங்கத்தின் பதினேழாம் இலக்கத் துண்டு. 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா? ஆம், இல்லை.' அதற்குக் கீழே, 'தொழில்' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. தண்டனை விழுந்தால் இந்த வேலையைச் செய்யும் அனுமதி போய்விடும். ஐம்பத்தாறு வயதில், கள்ளர் பிடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

வதனி கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் பிடிக்கிற கள்ளர் எல்லாம் உங்களைவிடக் கெட்டிக்காரர்."

2

செடி குணத்தினுடையது. குணம் என்றால் குணபாலன், என் சிநேகிதன். ஒரே குளிர்காலத்தில் வந்து, ஹைம் என்கிற ஒரே அகதி விடுதியில், ஒரே கட்டிலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் படுத்தவர்கள் நாங்கள். மேல்தட்டு அவனுக்குக் கிடைத்தது. அன்று தொடங்கியது என் வயிற்றெரிச்சல்.

இதை நான் மறைக்கப் போவதில்லை. எனக்குக் குணத்தில் பொறாமை. இன்றைக்கும்தான். எனக்கு முதலே அவனுக்கு விசா கிடைத்தது. சந்திக்க நேரம் குறித்துத் தரும் ஒரு டெர்மினுக்கு நான் மூன்று தரம் அலைய, அலுவலகத்துப் பெண் அவனுடைய பகிடிக்குச் சிரித்துவிட்டு உடனேயே முத்திரை குத்திக் கொடுத்தாள். என் ஜெர்மன் பரீட்சைக்குப் படித்த ஜெர்மன். அவனுடையது பேச்சுக்கு வளைந்து கொடுக்கும் ஜெர்மன். ரயில் பாதையோரத்தில் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குத்தகைக்குக் கொடுப்பார்களே, அந்தத் தோட்டத் துண்டுக்கு இருவரும் ஒரே நாளில் பெயர் பதிந்தோம். இரண்டாம் வருடம் அவனுக்குக் கிடைத்தது. என் பெயர் இன்னும் வரிசையில் நிற்கிறது.

அந்தத் துண்டில் ஒரு கண்ணாடிக் கூடு கட்டி, குளிருக்குச் சூடு போட்டு, அவன் கறிவேப்பிலை வளர்த்தான். மரம் என்றே சொல்லலாம், என்னைவிட ஒரு சாண் உயரம். இந்த நாட்டில் எங்களுடைய ஆட்கள் கறிவேப்பிலையைப் பிள்ளைபோல வளர்ப்பார்கள். யன்னலோரத்தில் வைத்து, ஹீற்றருக்குக் கிட்டவும் வைக்காமல் தூரவும் வைக்காமல், ஒவ்வொரு இலையாக எண்ணி வளர்ப்பார்கள். தை மாதத்தில் அது மொட்டையாகி நிற்கும்போது வீட்டில் துக்கம் கொண்டாடுவார்கள். குணத்தினுடையது மொட்டையானதே இல்லை.

எனக்கு அவன் மூன்று தரம் கன்று தந்திருக்கிறான். மூன்றும் பட்டுப்போயின. கேட்டு வாங்கியது பிடிக்காது, களவெடுத்து நட்டால்தான் பிடிக்கும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை. அதற்கு ஒரு முறையும் இருக்கிறது. கன்று வேண்டியவர், செடி இருக்கும் வீட்டுக்குப் போய், "உங்கடை கறிவேப்பிலை நல்லா வந்திருக்கு" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். வீட்டுக்காரர் உடனே, "இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று எழும்பிப் போவார். திரும்பி வரும்போது சாடியில் ஒரு பக்கக்கன்று குறைந்திருக்கும். ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை. சட்டப்படி பார்த்தால் அது களவே அல்ல. உரியவரின் சம்மதம் தேத்தண்ணீரோடு வந்துவிடுகிறது.

எனக்கும் அந்த வழி திறந்துதான் இருந்தது. ஆனால் குணத்தின் மரத்துக்கு முன்னால் நின்று, 'நல்லா வந்திருக்கு' என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை.

3

என் மகள் அபிராவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் களவு விளங்காது. அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. உடற்பயிற்சிச் சிகிச்சையில் ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, ஒரு கிளினிக்கில் வேலை செய்துகொண்டு, இரண்டு பெண்களோடு தனி வீட்டில் இருந்தாள். எங்களிடம் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். வரும் முன் டெர்மின் சொல்லுவாள். வந்தால் என்னோடு ஜெர்மனில் கதைப்பாள். வேலை எப்படி, நல்லம். சுகம் எப்படி, நல்லம். பிறகு இருவரும் தொலைக்காட்சியைப் பார்ப்போம்.

குணத்தின் தோட்டத்துக்கு அவள் போனது மாதத்தில் ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு சனிக்கிழமையும். அங்கே அவன் "குணம் சித்தப்பா". அங்கே அவள் பேசியது தமிழ்.

அந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குணம் தோட்டத்தில் இறைச்சி சுட்டு எல்லோரையும் அழைத்திருந்தான். நான் தண்ணீர்ப் போத்தல் எடுக்கக் கண்ணாடிக் கூட்டின் பின்பக்கம் போனேன். உள்ளே அவனும் அபிராவும் மண் கிளறிக்கொண்டு இருந்தார்கள். அவன் எங்களுடைய முதல் குளிர்காலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எனக்கு நெருப்பாய்க் காய்ச்சல். உன்ரை கொப்பர் டிக்கெட் எடுக்கத் தெரியாமல், டிக்கெட் இல்லாமல் ஏறவும் பயந்து, மருந்து வாங்கத் தண்டவாளக் கரையாலை நடந்து போனவர். காலிலை செருப்பு! மருந்தை ஜாக்கெட்டுக்கை பொத்திப் பிடிச்சுக்கொண்டு பின்னேரம் வந்து சேந்தார். நான் எழும்பிக் கடதாசி விளையாடிக்கொண்டிருக்கிறன்."

"அப்பாவோ?" என்று கேட்டு அபிரா சிரித்தாள். நான் அவளைச் சிரிக்கவைத்து எத்தனையோ வருடமாயிற்று. "பிறகு என்ன நடந்தது? சொல்லுங்கோ சித்தப்பா!"

கால் என்னுடையது. விறைத்துப்போன பெருவிரலும் என்னுடையது. இன்றைக்கும் குளிரடித்தால் அது எனக்குத்தான் குத்துகிறது. கதையை மட்டும் அவன் எடுத்துக்கொண்டான். கதையோடு என் பிள்ளையையும். அப்படித்தான் எனக்கு அன்றைக்குப் பட்டது. நான் தண்ணீர்ப் போத்தல் எடுக்காமலே திரும்பி வந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் வதனியோடு ஒரு காரணமும் இல்லாமல் சண்டை பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, குணத்துக்கு வேலை. ஞாயிறன்று குடையை விட்டுவிட்டு வந்தேனோ பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காரை எடுத்தேன். என் குடை கார் டிக்கிக்குள் கிடந்தது என்பது எனக்குத் தெரியும். கண்ணாடிக் கூட்டுக்கு ஒரு கொக்கி மட்டும்தான். மரத்தடியில் ஐந்து பக்கக்கன்றுகள் நின்றன. மிக வடிவானதைப் பார்த்துக் கத்தியை வேரோடு இறக்கினேன். மண்ணில் வேரூன்றி நிற்கும்வரை செடி அசையும் பொருள் அல்ல, பிடுங்கிய அந்தக் கணத்தில் அசையும் பொருள் ஆகிறது. பரீட்சையில் வந்த கேள்வி. கத்தியை இறக்கும்போதே விடை ஞாபகம் வந்தது. ஒரு சாண் நீளம், ஏழு ஈர்க்கு. ஈரப் பேப்பரில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கழுத்துவரை பூட்டினேன்.

பக்கத்துத் துண்டில் அரைக் கால்சட்டையோடு ஒரு கிழவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மரியாதையாக வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். அந்த வருடம் தோட்டங்களில் மண்வெட்டியும் கத்தரிக்கோலும் களவு போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கிழவர் கண்ணாடிக்கூடாக எல்லாம் கண்டு, என் கார் இலக்கத்தை எழுதிப் பொலிஸுக்குச் சொல்லிவிட்டார்.

அவருடைய வாக்குமூலம் இரண்டு வரியாகக் கடிதத்தில் இருந்தது. 'நல்ல வெயிலில் ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். வெளியேறும்போது இரண்டு பக்கமும் பார்த்தார்.' வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கள்ளனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கும் இரண்டு அடையாளங்கள் அவை.

4

படிவத்தை நான் நிரப்பவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் பேசாமல் இருக்கலாம் என்பதும் நான் படித்த சட்டம்தான். என் தலை குணத்தின் கையில் இருந்தது. அவனுக்கும் பொலிஸ் எழுதியிருக்கும்: இன்னாரை உங்களுக்குத் தெரியுமா, விண்ணப்பம் கொடுக்கிறீர்களா? ஒரு கையெழுத்து வைத்தால் என் வேலை போகும். அவன் டெலிபோன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கடைக்குப் போய்வந்தேன். ஒரு நாள் ஒரு பெண் குழந்தைக்குப் பூசும் கிறீமைத் தள்ளுவண்டிக்குள் ஒளித்துக்கொண்டு வெளியேறினாள். பின்னறையில் அவள் ஒன்றும் மறுக்கவில்லை. "இதற்குப் போய் வழக்கா?" என்று மட்டும் கேட்டாள். புள்ளடியைப் போடத்தான் போட்டேன், வேலை அது. பேனா ஒரு தரம் எழுதாமல் நின்றது.

இதற்குள் அந்தக் கன்று பிடித்துவிட்டது! கேட்டு வாங்கிய மூன்றும் பட்டுப்போன அதே யன்னலில், அதே மண்ணில், மூன்றாம் கிழமை ஒரு புதுத் தளிர். பிறகு இன்னொன்று. திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். வேலை போகப்போகிற பயத்தோடு பயமாக, காலையில் எழும்பி இலை எண்ணும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குணத்தின் கூட்டில் நின்ற ஒன்று இப்போது என் வீட்டில் வளர்கிறது என்ற சந்தோஷம். எவ்வளவு கேவலமான மனுஷன் நான் என்று யோசிப்பேன். யோசித்துவிட்டுத் திரும்பவும் எண்ணுவேன்.

ஜூலையில் டெர்மின் சொல்லாமல் அபிரா வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே நேரே யன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்தாள்.

"ஏன் நீங்கள் கேட்கவில்லை?" ஜெர்மனில்தான் கேட்டாள்.

"கேட்டது மூண்டும் பட்டுப்போச்சு பிள்ளை."

"அப்ப, நல்லா வந்திருக்கு எண்டு சொல்லியிருக்கலாமே!" இப்போது தமிழ். "அவர் தேத்தண்ணி போடப் போயிருப்பார். உங்களுக்கு அது தெரியாதோ?"

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். சொல்ல ஏலாமல் போய்விட்டது என்றும் சொன்னேன். ஏன் ஏலாது என்று கேட்டாள். நான் திரைச்சீலையை இழுத்து மூடினேன். அவள் அழுகிறமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது, பொலிஸின் கடிதம் சித்தப்பா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது என்றும், அவர் ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறார் என்றும் சொன்னாள்.

5

செப்டம்பரில் அரச வழக்குத் தரப்பின் கடிதம் வந்தது. நாலு வரி. பொருள் பெறுமதி குறைந்தது. பாதிக்கப்பட்டவர் விண்ணப்பம் எதுவும் கொடுக்கவில்லை. பொதுநலனும் இல்லை. நடவடிக்கை கைவிடப்பட்டது.

வேலை தப்பியது. வதனி சாமிப் படத்துக்கு விளக்கு வைத்தாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கவேண்டும். ஆனால் எனக்கு முதலில் வந்தது கோபம். மன்னிக்கிறதிலும் அவன் எனக்கு மேல்தட்டில் ஏறிவிட்டான்! இரண்டாவது கோபம் அந்த முதல் வரியில். பெறுமதி குறைந்ததாம். நான் எத்தனையோ வருடம் வயிறு எரிந்து, வேலையைப் பணயம் வைத்து எடுத்த பொருள், குழந்தைக் கிறீமைவிட மலிவு.

அடுத்த சனிக்கிழமை சாடியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அபிராவுக்கு அன்று வேலை. குணம் தக்காளிக் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து சாடியைத்தான் முதலில் பார்த்தான், என்னை அல்ல.

"திருப்பித் தர வந்தனான்" என்றேன்.

அவன் குந்தியிருந்து தளிரை விரலால் தூக்கிப் பார்த்தான். "நாலு மாசத்திலை இவ்வளவோ? என்ன மண் போட்டனீ?"

"கடை மண்தான்."

"கொண்டு போடா. எனக்கு எரிச்சலைக் கிளப்பாதை."

நான் சிரிப்பேன் என்று நினைத்தான்போல. நான் சிரிக்கவில்லை. உள்ளே இருந்தது எல்லாம் ஒரேயடியாக வாய்க்கு வந்தது. "என்ரை பிள்ளை கிழமைக்குக் கிழமை உன்னட்டை வாறாள். என்னோடை கதைக்க அவளுக்கு ஒண்டும் இல்லை. நீ என்ரை கதையைச் சொல்லிச் சிரிப்பூட்டுறாய். கறிவேப்பிலை எடுத்தது பிழைதான். நீ எடுத்தது என்ன?"

குணம் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினான். அவனுக்கு ஒரே மகன். ஹம்பேர்க்கில் இருக்கிறான். பிறந்தநாளுக்குக் கைபேசியில் ஒரு கேக் படம் அனுப்புவான், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"மச்சான், அவள் வந்து என்ன கேக்கிறாள் தெரியுமோ? உன்னைப் பற்றித்தான். அப்பா அப்ப எப்பிடி இருந்தவர், அப்பா ஏன் ஊரைப் பற்றிக் கதைக்கிறேல்லை, அப்பாவுக்குக் காலிலை என்ன. நீ வாயைத் திறக்காத படியாலை என்னட்டை வாறாள். என்ரை பெடியன் ஆரிட்டையாவது போய் என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருப்பானோ? எனக்கு எரியாதோ? அந்தக் கடுதாசியை ஒட்டி வைச்சு மூண்டு மாசம் பார்த்தனான். கையெழுத்து வைப்பமோ எண்டு ஒரு நாள் பேனையும் எடுத்தனான்."

எனக்கு அதைக் கேட்கக் குளிர்ந்தது. குணத்துக்கு என்னில் பொறாமை! முப்பது சொச்ச வருடத்தில் இப்படி ஒரு நல்ல செய்தியை நான் கேட்டதில்லை. வெட்கமாகவும் இருந்தது.

கண்ணாடிக் கூட்டுக்குள் மரம் நின்றது. ஐந்து கன்றில் நாலு மிச்சம். என் கத்தி இறங்கிய இடத்தில் மண் இன்னும் கொஞ்சம் பள்ளமாக இருந்தது.

"உன்ரை கறிவேப்பிலை" என்றேன். "நல்லா வந்திருக்கு, மச்சான்."

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான்.

"இரு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று தோட்டத்து மூலையில் இருந்த குடிலுக்குள் போனான். நான் அசையாமல் அந்த இடத்திலேயே இருந்தேன். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, கொண்டுவந்த சாடியைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

6

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். போன மாதம் அவனுடைய மரம் காய்த்தது. கேட்டதும் என் வயிற்றில் வழக்கமான இடத்தில் எரிந்தது. அபிரா இன்னும் சனிக்கிழமைகளில் அங்கே போகிறாள். நான் அவளோடு கதைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஹைமைப் பற்றி, தண்டவாளக் கரையைப் பற்றி. குணம் சொன்ன கதையில் நாலு பிழை இருந்தது, திருத்தினேன். நான் சொல்லும்போது அவள் அவ்வளவு சிரிப்பதில்லை.

போன ஞாயிறு வந்தாள். சாடி இப்போது பெரியது, செடி என் இடுப்பளவு. இந்த வசந்தத்தில் அடியில் முதல் பக்கக்கன்று வந்திருந்தது, விரல் நீளம்தான். அவள் யன்னலடியில் நின்று தெருவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, உங்கடை கறிவேப்பிலை நல்லா வந்திருக்கு."

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

குசினியில் கேத்திலை வைத்தேன். கேத்தில் பளபளப்பானது, அதில் வரவேற்பறை முழுக்கத் தெரியும். பதினொரு வருடமாகக் கண்ணாடிகளில் ஆட்களைப் பார்த்தே பிழைக்கிறவன் நான். அன்றைக்குக் கேத்திலைத் திருப்பி வைத்தேன். தண்ணீர் கொதித்து நின்ற பிறகும் நின்றேன். அந்தக் கன்று அவளுடைய வீட்டு யன்னலுக்குப் போகிறதா, குணத்தின் தோட்டத்துக்குப் போகிறதா என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்டால் பட்டுப்போகும் என்று பேசாமல் சீனியைக் கலக்கினேன்.

அவள் தேத்தண்ணீரை அவசரமாகக் குடித்துவிட்டு எழும்பினாள். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். வெளியே நல்ல வெயில். அவளுடைய ஜாக்கெட் கழுத்துவரை பூட்டியிருந்தது.